அம்முவைத் திறந்து விடலாமா?

கேள்வி: டாக்டர், எங்களுடையது தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். எட்டு வருடத்துக்கு முன் பக்கத்துக் கொல்லையில் பட்டுப்போன பனைமரத்தை வெட்டியபோது பொந்திலிருந்து இரண்டு கிளிக்குஞ்சுகள் விழுந்தன. ஒன்று அன்றே செத்துப்போனது. மற்றதைப் பொட்டுக்கடலை மாவு கரைத்து ஊட்டிப் பிழைக்க வைத்தோம். அம்மு என்று பெயர். கழுத்தில் வளையம் இதுவரை வரவில்லை. கூடத்தில் டிவி பக்கத்தில் ஒன்றரை அடிக் கம்பிக்கூண்டில் இருக்கிறது. பால்சோறு, பிஸ்கட், சூரியகாந்தி விதை, மிளகாய் சாப்பிடும். நான் அடுப்படிக்குப் போனால் "அம்மு, அம்மு" என்று கத்திக்கொண்டே இருக்கும். போன மாசியில் ஜோடி இல்லாமலே இரண்டு முட்டை இட்டது. அதற்கப்புறம் நெஞ்சில் இருக்கிற இறகையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டது. பார்க்கவே சகிக்கவில்லை.

இப்போது கிளி வளர்த்தால் கேஸ் என்கிறார்கள். கூண்டைத் திறந்து விட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். லண்டனிலேயே நம் ஊர்க் கிளிகள் தப்பிப் பிழைத்துப் பெருகியிருக்கின்றன, இங்கே பிழைக்காதா என்று கேட்கிறார். மாமியார், மீனாட்சி கையில் இருக்கிற கிளியை வீட்டை விட்டு அனுப்பினால் ஆகாது என்கிறார்கள். ஐந்தாவது படிக்கும் மகன் அழுகிறான். அம்முவை அனுப்பினால் லவ் பேர்ட்ஸ் வாங்கித் தர வேண்டுமாம். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூண்டைத் திறந்து விடாதீர்கள். வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் வழியில்லை. அம்முவை வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். எட்டு வருடம் ஊட்டி வளர்த்தவருக்கு இதைக் கேட்க எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அதற்கு முன் அந்த நெஞ்சைப் பார்ப்போம், அதுதான் அவசரம்.

ஒன்று கவனியுங்கள். தலையிலும் கன்னத்திலும் இறகு ஒழுங்காக இருக்கிறதா? அலகு எட்டாத இடம் தலை மட்டும்தான். அங்கே இறகு நன்றாக இருந்து நெஞ்சும் வயிறும் மொட்டையாக இருந்தால், அதுவே பிடுங்கிக்கொள்கிறது என்று பொருள். தலையிலும் கொட்டியிருந்தால் பூச்சியோ வேறு நோயோ இருக்கலாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வகைதான். ஆனால் "சும்மா பிடுங்குகிறது, மனக்கஷ்டம்" என்று விட்டுவிடக் கூடாது. ஈரல் கெட்டிருந்தாலும், வைட்டமின் ஏ குறைந்திருந்தாலும், உடம்பில் துத்தநாகம் ஏறியிருந்தாலும் கிளி இறகைப் பிடுங்கும். அம்முவுக்கு இந்த மூன்றுக்குமே வாய்ப்பு இருக்கிறது.

பால்சோறு, பிஸ்கட், சூரியகாந்தி விதை என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் வருகிற கிளிகளில் பாதிக்கு மேல் இதைத்தான் சாப்பிடுகின்றன. யாரும் கெட்ட எண்ணத்தில் கொடுப்பதில்லை. குழந்தைக்குக் கொடுப்பதுபோல் கொடுக்கிறோம். ஆனால் பறவை பால் குடித்து வளரும் உயிர் இல்லை, பாலில் இருக்கிற சர்க்கரை அதற்குச் செரிக்காது. சூரியகாந்தி விதை முழுக்க எண்ணெய். நாளெல்லாம் பறக்கிற கிளிக்கு அந்த எண்ணெய் எரிந்துவிடும். எட்டு வருடமாகப் பறக்காத கிளிக்கு அது ஈரலில் போய்ப் படியும். வைட்டமின் ஏ இல்லாமல் தோலும் மூக்கின் உள்பக்கமும் வறண்டு அரிக்கும். மிளகாயைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பறவைக்கு அதன் காரம் உறைப்பதில்லை. நமக்கு எரிவது அதற்குத் தெரியாது. ஆனால் மிளகாய் தின்றால் நன்றாகப் பேசும் என்பதில் உண்மை இல்லை. வசம்பு தடவுவதும் அப்படித்தான், அதைச் செய்யவே செய்யாதீர்கள். கிளிக்குக் குரல் பிறப்பது தொண்டையில் இல்லை, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் அடியிடத்தில்.

உணவை மாற்றுங்கள், ஆனால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். தெரியாத உணவைப் பார்த்தால் பட்டினி கிடந்தே சாகும் கிளிகள் உண்டு. பாலையும் பிஸ்கட்டையும் மட்டும் இன்றே நிறுத்திவிடலாம். முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கூண்டில் கட்டித் தொங்கவிடுங்கள். தின்னும், அதிலேயே புரண்டு குளிக்கவும் செய்யும். கேரட், பரங்கிக்காய், பப்பாளி, கொய்யா, முளைகட்டிய பயறு, கம்பங்கதிர் கிடைத்தால் கதிரோடு கொடுங்கள். கதிரைக் காலால் பிடித்து ஒவ்வொரு மணியாக உரிப்பது அதற்கு ஒரு வேலை. சூரியகாந்தி விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நாளுக்கு நாலைந்தாக நிறுத்துங்கள். பட்டர் ஃப்ரூட், சாக்லேட், காபி, உப்புப்போட்ட பலகாரம் எதுவும் ஆகாது. பட்டர் ஃப்ரூட் கிளிக்கு விஷம். பச்சைக்கிளியின் எடை ஏறக்குறைய 120 கிராம்தான். தராசு இருந்தால் தினமும் காலையில் நிறுத்து எழுதி வையுங்கள். 10 கிராமுக்கு மேல் குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பறவை தன் நோயை மறைக்கும். கூட்டத்தில் சோர்ந்து தெரிகிற பறவையைத்தான் வல்லூறு குறிவைக்கும் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. உப்பிப்போய்க் கூண்டின் அடியில் உட்கார்ந்திருக்கிறது என்று நீங்கள் கவனிப்பதற்குள் நோய் முற்றியிருக்கும்.

அடுத்தது கூண்டு. பச்சைக்கிளி இறக்கையை விரித்தால் முனைக்கு முனை ஒன்றரை அடி. உங்கள் கூண்டும் ஒன்றரை அடி. எட்டு வருடத்தில் அது ஒருமுறைகூட இறக்கையை முழுசாக விரித்திருக்காது, வாலும் கம்பியில் இடித்து ஒடிந்துகொண்டே இருக்கும். கம்பி புதிதாகப் பளபளப்பாக இருந்தால் அதில் துத்தநாகப் பூச்சு இருக்கும். கிளி நாள் முழுக்கக் கம்பியைக் கடிக்கிற பறவை. பூச்சு உரிந்திருக்கிறதா என்று பாருங்கள், உரிந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். டிவி பக்கத்திலிருந்து இன்றே மாற்றிவிடுங்கள். காட்டில் பொழுது சாய்ந்ததும் அடைந்து விடியும்வரை, அதாவது 10, 12 மணி நேரம் இருட்டில் இருக்கிற பறவை அது. ராத்திரி 11 மணிவரை வெளிச்சமும் சத்தமும் இருந்தால் எரிச்சல் எப்படி அடங்கும்? காலை வெயில் ஒரு மணி நேரமாவது படவேண்டும். பாதிக் கூண்டுக்கு நிழல் இருக்கட்டும், பூனையும் காக்கையும் அண்டாமல் பக்கத்தில் ஆள் இருக்கட்டும். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை அருகில் வேண்டாம். நான்ஸ்டிக் தோசைக்கல் காய்ந்துபோனால் அதிலிருந்து வரும் ஆவி நிமிடக்கணக்கில் கிளியைக் கொல்லும். அதனால் அடுப்படிக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

முட்டை இட்டதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சேவல் இல்லாமலே கோழி முட்டை இடுவது மாதிரிதான். கழுத்தில் வளையம் ஆணுக்கு மட்டும், அதுவும் ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள்தான் வரும். செந்தார்ப் பைங்கிளி என்று பழந்தமிழில் சொன்னது அந்த வளையத்தைப் பார்த்துத்தான். எட்டு வயதாகியும் வரவில்லை என்றால் அம்மு பெண். தையிலிருந்து பங்குனி வரைக்கும் அவற்றின் முட்டைக் காலம். கூண்டுக்குள் சட்டியோ பெட்டியோ வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அதைப் பொந்து என்று நினைத்துக்கொள்ளும். முதுகையும் வாலடியையும் தடவிக் கொடுப்பதை நிறுத்துங்கள், தலையை மட்டும் தடவலாம். சுண்ணாம்புச்சத்துக் குறைவாக இருக்கிற உடம்பில் அடுத்த முறை முட்டை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கணவாய் ஓடு ஒன்றைக் கூண்டில் கட்டித் தொங்கவிடுங்கள், நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள்.

இதெல்லாம் சரிசெய்தாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ஒரு வரிதான். நீங்கள் அடுப்படிக்குப் போனால் அது "அம்மு, அம்மு" என்று கத்துகிறது.

கிளி பேசுகிறது என்று நாம் சந்தோஷப்படுகிறோம். கிளி எதற்காக அடுத்தவர் குரலைக் கற்றுக்கொள்கிறது என்று யோசித்ததுண்டா? காட்டில் கிளி தனியாக இருப்பதே இல்லை. விடிந்ததும் கூட்டமாகக் கிளம்பும், பறக்கும்போதே கீ, கீ என்று ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே போகும். இலைக்குள் இறங்கிவிட்டால் பச்சையோடு பச்சையாகக் கண்ணுக்குத் தெரியாது. குரல்தான் கயிறு. நீ எங்கே, நான் இங்கே என்பதுதான் அந்தச் சத்தம். வெனிசுவேலாவில் ஒரு குட்டிக் கிளி இனத்தைப் பொந்துக்குள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். தாய் தகப்பன் இரண்டும் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனியாக ஒரு குரலைச் சொல்லிக் கொடுக்கின்றன, குஞ்சு அதைக் கொஞ்சம் தன் போக்கில் மாற்றிக்கொண்டு தனதாக வைத்துக்கொள்கிறது என்று 2011ல் வெளிவந்த அந்த ஆய்வு சொல்கிறது. நாம் வைக்கிற பெயரைப்போலத்தான்.

உங்கள் அம்மு கண் திறந்ததிலிருந்து கேட்ட குரல் உங்களுடையது. நீங்கள் அடிக்கடி சொன்ன சொல் "அம்மு". அது தன் பெயர் என்று அதற்குத் தெரியுமோ என்னவோ, உங்கள் கூட்டத்துச் சத்தம் அது என்று மட்டும் தெரிந்திருக்கிறது. நீங்கள் கண்ணுக்கு மறைந்ததும் காட்டுக்கிளி கூப்பிடுவதைப் போலவே கூப்பிடுகிறது. காட்டில் உடனே பதில் வரும். இங்கே நீங்கள் அடுப்பைப் பார்ப்பீர்கள், மகன் பள்ளிக்கூடம், வீட்டுக்காரர் வயல். பதில் வராத நேரங்களில் அதற்கு மிஞ்சியிருப்பது தன் உடம்பும் தன் இறகும்தான். இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. மனிதக் குடும்பம் எவ்வளவு அன்பாக இருந்தாலும் நாள் முழுக்கக் கிளிக்கூட்டமாக இருக்க முடியாது. அதிலும் கூண்டில் 20, 30 வருடம்கூட உயிரோடு இருக்கும் பறவை இது. இன்னும் இருபது வருடம் இப்படியே கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டுமா என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

அப்படியென்றால் திறந்து விட்டால் போகிறது என்று உங்கள் கணவர் கேட்பார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஆறு வருடமாக வளர்த்த கிளியோடு ஒரு பெரியவர் வந்தார். நல்ல ஆரோக்கியமான கிளி, இறக்கையும் வெட்டப்படவில்லை. "மொட்டைமாடியில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள், போய்விடும்" என்றேன். அவரும் விட்டார். அது பறந்து எதிர்வீட்டுத் தென்னை ஓலையில் உட்கார்ந்து, அவர் சொல்லிக் கொடுத்த "வாங்க, வாங்க" என்பதைச் சொல்லிக்கொண்டே இருந்ததாம். காக்கைகள் சூழ்ந்துகொண்டன. சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்ததை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அந்தக் கைக்குட்டைப் பொட்டலம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதற்கப்புறம் யாருக்கும் அந்த ஆலோசனையை நான் சொன்னதில்லை.

பறக்கத் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளும் என்பது நம் நினைப்பு. பொந்தைவிட்டு வெளியே வந்த குஞ்சு அப்புறமும் வாரக்கணக்கில் தாய் தகப்பனோடு சுற்றுகிறது. எந்த மரம் எப்போது காய்க்கும், எங்கே தண்ணீர், எங்கே அடைவது, வல்லூறின் நிழல் எப்படி இருக்கும், அபாயக் குரல் கேட்டால் எந்தப் பக்கம் பாய்வது, எல்லாம் அப்போதுதான் படிகிறது. அம்மு அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. அமெரிக்காவில் அரிசோனா மலைகளில் அழிந்துபோன தடித்த அலகுக் கிளியை 1986ல் மறுபடி குடியேற்றப் பார்த்தார்கள். கடத்தல்காரர்களிடம் பிடிபட்ட காட்டுக் கிளிகள் கொஞ்சமாவது தாக்குப்பிடித்தன. கூண்டிலே பிறந்து மனிதர் கையில் வளர்ந்தவை கூட்டத்தோடு சேரத் தெரியாமல் பருந்துகளுக்கு இரையாயின. பிரேசிலில் ஸ்பிக்ஸ் மக்காவ் என்ற நீலக்கிளி காட்டில் அடியோடு இல்லாமல் போய், கூண்டில் பெருக்கிய எட்டுப் பறவைகளை 2022 ஜூனில் திறந்து விட்டார்கள். அப்போது வேறு இனத்துக் காட்டு மக்காவ் எட்டையும் சேர்த்தே விட்டார்கள், காட்டைக் கற்றுக்கொடுக்க ஆசிரியர் வேண்டும் என்பதற்காக. ஆராய்ச்சியாளர்களே அவ்வளவு முன்னேற்பாடு செய்யும்போது நாம் மொட்டைமாடியில் கதவைத் திறந்துவிட்டு நகர்வது எந்த விதத்தில் நியாயம்?

லண்டன் கிளிகளைப் பற்றி உங்கள் கணவர் சொன்னது உண்மைதான். லண்டன், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் பூங்காக்களில் நம் பச்சைக்கிளி ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டங்களின் மூதாதைகள் பெரும்பாலும் பாகிஸ்தானிலும் வட இந்தியாவிலும் காட்டிலேயே பிடித்துக் கப்பலேற்றியவை என்று மரபணு ஆய்வு காட்டுகிறது. காட்டைத் தெரிந்த பறவைகள் பல, பல வருடமாகத் தப்பித்துத் தப்பித்துச் சேர்ந்த கூட்டம் அது. தப்பியவற்றில் எத்தனை செத்தன என்று யாரும் படம் எடுத்துப் போடவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. இறகும் அலகும் சிதைகிற ஒரு வைரஸ் நோய் வளர்ப்புக் கிளிகளில் உண்டு. இறகு கொட்டுகிற ஒரு கிளியைச் சோதிக்காமல் வெளியே விட்டால் ஊர்க் கிளிகளுக்கெல்லாம் அது பரவலாம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நம் நாட்டுக் கிளிகள் முன்பிருந்தே உண்டு. 2022ல் திருத்தி, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணையில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணைக்கு வந்துவிட்டது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, வளர்ப்பது எல்லாமே குற்றம். மூன்று வருடம்வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு நடிகர் வீட்டில் இரண்டு பெரிய பச்சைக்கிளிகள் இருந்ததற்கு இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டி வந்தது. 2024 தேர்தல் சமயத்தில் கடலூர் பக்கம் கிளி ஜோசியக்காரரை வனத்துறை பிடித்துக் கிளிகளை மீட்டதைப் படித்திருப்பீர்கள். பயமுறுத்த இதை எழுதவில்லை. அந்தச் சட்டம் யாருக்காக என்று தெரிய வேண்டும். உங்கள் வீட்டுக்கு அம்மு விபத்தாக வந்தது. சந்தையில் விற்கிற குஞ்சுகள் அப்படி வருவதில்லை. மாசி, பங்குனியில் மரமேறிப் பொந்துக்குள் கைவிட்டு, இறகு முளைக்காத குஞ்சுகளைக் கூடையில் அள்ளி மூட்டையாகக் கொண்டுவருகிறார்கள். வழியிலேயே பல செத்துவிடும். நாம் ஒவ்வொருவரும் வளர்த்தால் ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு பொந்து காலி.

வனத்துறையில் எப்படி ஒப்படைப்பது? உங்கள் வட்டத்து வனச்சரக அலுவலகம் எங்கே என்று கேட்டு, முதலில் நீங்கள் மட்டும் போய் நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள். மரம் விழுந்தது, குஞ்சை எடுத்தோம், சட்டம் தெரியாது, இப்போது ஒப்படைக்க வந்திருக்கிறோம், இவ்வளவுதான். வளர்ப்புக் கிளிகளைத் தாங்களாக முன்வந்து ஒப்படைக்கும்படி வனத்துறையே பலமுறை மக்களைக் கேட்டிருக்கிறது. என்னோடு வந்து ஒப்படைத்தவர்களிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு மரியாதையாகவே அனுப்பினார்கள். இறகு பிடுங்குகிற விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள், மருத்துவப் பரிசோதனை நடக்கும். எங்கே கொண்டுபோவார்கள், போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

நடக்கப்போவதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலில் தனியாக வைத்து நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் மற்றக் கிளிகளோடு பெரிய பறவைக்கூடத்தில் சேர்ப்பார்கள். அங்கே பறந்து பறந்து நெஞ்சுச் சதை உரம் ஏறி, கூட்டத்தோடு சேர்ந்து, மனிதரைக் கண்டால் விலகுகிற அளவுக்கு மாறினால், கூடத்தின் கதவைத் திறந்து வைத்து, வெளியேயும் உணவு வைத்து, மெல்ல மெல்ல விடுவதுதான் முறை. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். கையால் ஊட்டி வளர்த்த எட்டு வயதுப் பறவை அந்த நிலைக்கு வருவது கடினம். அம்மு ஆயுள் முழுக்கப் பறவைக்கூடத்திலேயே இருக்கவும் கூடும். அப்படி இருந்தாலும் அது கூப்பிட்டால் பதில் சொல்ல இன்னொரு கிளி அங்கே இருக்கும். நெஞ்சில் இறகு திரும்ப முளைக்குமா என்பது, எவ்வளவு காலம் பிடுங்கியது என்பதைப் பொறுத்தது. வேர்க்கால் செத்திருந்தால் அந்த இடம் அப்படியே நின்றுவிடும். அதற்காகத்தான் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருப்பது இலையாலும் பூவாலும் தினமும் புதிதாகச் செய்கிற கிளி. மதுரை மீனாட்சி கோயிலில் கிளிக்கூண்டு மண்டபம் என்று ஒன்று இருக்கிறது, ஒரு காலத்தில் அங்கே கிளிகள் கூண்டில் இருந்து மீனாட்சி பெயரைச் சொல்லும். இன்று மண்டபத்துக்குப் பெயர் மட்டும் நிற்கிறது, கிளிகள் கூண்டில் இல்லை. அம்மன் சந்நிதியே விட்டுவிட்டது, நம் வீட்டுக்கு ஒரு குறையும் வராது. வயதானவர் வீட்டில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளியின் எச்சத்தூசி மூலமாக மனிதருக்கு நுரையீரல் காய்ச்சல் வர வாய்ப்பு உண்டு. அடிக்கடி வருவதில்லை, வந்தாலும் மருந்தில் குணமாகும். யாருக்காவது காய்ச்சலும் விடாத இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்கு அந்த யோசனை வரும். கூண்டுத் தட்டைக் காய்ந்தபடி பெருக்காமல் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள்.

இனி மகன் கேட்கிற லவ் பேர்ட்ஸ். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது உண்மையில் ஆஸ்திரேலியாவின் பட்ஜி. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, அதைக் கடைக்காரர்கள் ஆப்பிரிக்கன் என்று தனியாகச் சொல்வார்கள். பட்ஜி 1840 வாக்கில் இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து உலகமெல்லாம் கூண்டிலேயே இனப்பெருக்கமானது. காட்டில் அது பச்சை மட்டும்தான், நீலமும் வெள்ளையும் மனிதர் தேர்ந்தெடுத்து உண்டாக்கியவை. பட்ஜியும் கொண்டை வைத்த காக்கட்டீல் கிளியும் வளர்க்கச் சட்டத்தில் தடையில்லை. கிரே பேரட் என்கிற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்றவற்றுக்கு மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்பது என் சொந்தக் கருத்து. கானா நாட்டுக் காடுகளில் 1990களிலிருந்து அது 90 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டது, கூண்டு வியாபாரம்தான் முக்கியக் காரணம். சந்தையில் சாயம் பூசி விற்கும் சில்லைகளையும் தொடாதீர்கள், அவை நம் வயல்வெளிப் பறவைகள்.

ஆனாலும், சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக உடனே வாங்கி விடாதீர்கள். பட்ஜி ஆஸ்திரேலிய வறண்ட நிலத்தில் மழையைத் தேடி நூற்றுக்கணக்கான மைல் அலைகிற பறவை. அம்முவின் கூண்டு காலியாக இருக்கிறதே என்று அதில் இரண்டை அடைத்தால், இதே கடிதத்தை மூன்று வருடம் கழித்து மறுபடி எழுதுவீர்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஒற்றையாக வேண்டாம், குறைந்தது இரண்டு. ஆள் நீளத்துக்குப் பறக்கிற அகலத்தில் கூடு, அதற்கப்புறம் பறவை. அதுவும் ஒரு வருடம் போகட்டும். அழுகிற பிள்ளையின் கையில் புது உயிரைக் கொடுத்துப் பழையதை மறக்கச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவனைத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு ஒரு சாயங்காலம் கூட்டிக்கொண்டு போங்கள். விமானத்தின் கல் இடுக்குகளில் கிளிகள் வந்து உட்காருவதையும், மைனாவோடு இடத்துக்குச் சண்டை போடுவதையும் அண்ணாந்து பார்க்கட்டும். வளையம் உள்ளது எது, இல்லாதது எது என்று எண்ணச் சொல்லுங்கள். கொல்லையில் கொய்யாவும் கல்யாணமுருங்கையும் இருந்தால் கிளி தானாக வரும். கல்யாணமுருங்கை பூத்தால் தேனுக்கு வரும். அடுத்த முறை பட்ட பனையை வெட்ட ஆள் வந்தால், சித்திரை வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கள். அப்போதும் பொந்தில் குஞ்சுச் சத்தம் கேட்டால், குஞ்சு பறக்கும்வரை வெட்ட விடாதீர்கள்.

ஒப்படைக்கும் நாளில் கூண்டோடு ஒரு அட்டையும் கொடுங்கள். அம்முவைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு அது உதவும். உங்கள் மகனே எழுதட்டும். வயது எட்டு. பெண். இதுவரை சாப்பிட்டது இன்னது, இப்போது மாற்றியிருப்பது இன்னது. மாசியில் இரண்டு முட்டை. எந்தக் காலால் கொய்யாவைப் பிடிக்கும், எதைக் கண்டால் பயப்படும், ராத்திரி எந்தப் பக்கம் பார்த்து உட்காரும், எல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கும். கடைசியில் இதையும் எழுதச் சொல்லுங்கள்: "அம்மு, அம்மு என்று கத்தினால், நீங்கள் எங்கே என்று கேட்கிறது. தயவுசெய்து பதில் சொல்லுங்கள்."